ஐந்து பேர், ஐந்து டெஸ்ட்!

1934 நவம்பர் 4. சென்னை சேப்பாக்கம் மைதானம். ரஞ்சி கோப்பையின் முதல் மேட்ச், மெட்ராஸுக்கும் மைசூருக்கும். முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48 ரன்னுக்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. மறுபடி மைசூர் 59. அவ்வளவுதான், ஒரே நாளில் மேட்ச் காலி! அன்றைக்கு 11 விக்கெட்டைச் சாய்த்தவர் ஏ.ஜி. ராம்சிங் என்ற இடதுகைச் சுழல்பந்துக்காரர்.

தமிழ்நாட்டின் ‘ஆல் டைம் பெஸ்ட்’ பதினொரு பேரைப் பொறுக்கியெடுக்க உட்காருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இந்த ராம்சிங்கிடம்தான். காரணம், அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை.

ஏன்? 1932-லிருந்து 1946 வரை இந்தியா ஆடிய மொத்த டெஸ்ட்டே 10. அதிலும் 1936 ஆகஸ்டுக்குப் பிறகு பத்து வருஷம் ஒன்றுகூட இல்லை. நடுவில் உலகப் போர். ராம்சிங்கின் நல்ல வயசெல்லாம் அந்தப் பத்து வருஷத்தில் கரைந்துபோனது.

பி.காம். படித்தவனுக்கு ஒரு விஷயம் தெரியும். லெட்ஜரில் வரவு இல்லையென்றால், அந்த ஆள் பெயரில் கணக்கே திறந்தார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆகவே நம் தேர்வுக்கு ஒரே விதி. இந்தியாவுக்கு எத்தனை மேட்ச் என்று கேட்கப் போவதில்லை. மெட்ராஸ் அல்லது தமிழ்நாடு அணிக்காக என்ன செய்தார்? அது போதும்.

சரி, யார் தமிழ்நாட்டுக்காரர்? எங்கள் அருமனையில் கேட்டால் இதிலேயே ஒரு வில்லங்கம் உண்டு. 1954-55-ல் மெட்ராஸ் முதன்முதலாக ரஞ்சி கோப்பையை ஜெயித்தபோது, அருமனை இருந்த விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில் கிடந்தது. அந்த மாநிலத்துக்குத் தனி ரஞ்சி டீமும் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். “அப்போ அந்தக் கோப்பை நமக்க கோப்பையாடே?” என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டால் என்ன சொல்வது?

பதில் ராம்சிங்கின் இனிஷியலிலேயே இருக்கிறது. ‘ஏ’ என்றால் அமிர்தசரஸ்! அந்த சீக்கியக் குடும்பம் மெட்ராஸில் வேர்விட்டது. மகன்களும் மெட்ராஸுக்கே ஆடினார்கள். எல்லைக்கோடு மாறும். எந்த அணிக்காக வியர்வை சிந்தினார் என்பது மாறாது.

இனி டீமுக்கு வருவோம். ஓப்பனிங் ஸ்ரீகாந்த், முரளி விஜய். 2008-ல் மகாராஷ்டிராவுக்கு எதிராக அபினவ் முகுந்தோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 462 ரன் குவித்தவர் விஜய். மூன்றாவது, கோவாவுக்கு எதிராக 313 அடித்த டபிள்யூ.வி. ராமன். அடுத்து பத்ரிநாத், ஷரத். முதல் தர கிரிக்கெட்டில் பத்ரிநாத் 10,000 ரன்னையும் ஷரத் 8,000 ரன்னையும் தாண்டியவர்கள். ஆறாவது, 1954-55 கோப்பையின் ஹீரோ கிரிபால் சிங். கீப்பர் தினேஷ் கார்த்திக். எட்டாவது ராம்சிங். கிரிபாலின் அப்பா! அப்பாவும் மகனும் ஒரே டீமில். இந்த மாதிரி விளையாட்டில்தான் இது சாத்தியம்.

கேப்டன் வெங்கட்ராகவன். ரஞ்சியில் 500 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். லெக் ஸ்பின்னுக்கு வி.வி. குமார். சேப்பாக்கத்தில் ஒரு வேகப்பந்து போதும் என்பதால், அந்த முதல் பந்தைப் போட்ட கோபாலன். பாலாஜி ரசிகர்கள் மன்னிக்க!

“அஸ்வின் எங்கே?” என்று கல்லெடுக்காதீர்கள். 106 டெஸ்ட், 537 விக்கெட். சந்தேகமே இல்லை, உலக ஜாம்பவான். ஆனால் அவருடைய உழைப்பில் பெரும்பங்கு இந்தியாவுக்குப் போனது. நம் விதிப்படி அவர் பன்னிரண்டாவது ஆள். 1987-88-ல் கோப்பையைத் தூக்கிய கேப்டன் வாசுதேவனும் வெளியே. ராம்சிங் இருக்க இன்னொரு இடதுகை ஸ்பின்னரை எங்கே வைப்பது? அவருக்கும் டெஸ்ட் வாய்ப்பு கிடைக்கவே இல்லை. நானும் அவரை ஒதுக்குவதில் வருத்தம்தான்.

இப்போது ஒரு கூட்டல். ராம்சிங் 0. ஷரத் 0. கோபாலன் 1. அவர் 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டு கிரிக்கெட் டீமோடு இங்கிலாந்து போனார். அங்கே ஒரு டெஸ்ட்டிலும் இறக்கவில்லை. ஹாக்கி டீம் தங்கத்தோடு திரும்பியது! வி.வி. குமார் 2. முதல் டெஸ்ட்டில், முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து விக்கெட் எடுத்தவருக்கு இதுதான் மரியாதை. பத்ரிநாத் 2. ஆக, ஐந்து பேருக்கும் சேர்த்து ஐந்தே ஐந்து டெஸ்ட்.

டெஸ்ட் எண்ணிக்கையை மட்டும் வைத்து டீம் எடுத்திருந்தால் இந்த ஐந்து பேரும் காணாமல் போயிருப்பார்கள். நீங்களும் உட்கார்ந்து ஒரு பதினொன்று எழுதிப் பாருங்கள். யாரைச் சேர்த்தீர்கள் என்பதைவிட, யாரை அடித்தீர்கள், ஏன் அடித்தீர்கள் என்பதில்தான் சரித்திரம் இருக்கிறது.