இல்லத்திலிருந்து ஊருக்கு: டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் வாழ்வும் தொண்டும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை வரும்; அதற்கப்பால் நெய்யாற்றின்கரை; அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் காட்டாக்கடை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி இராஜ்யங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் உறவினரை உடைய குடும்பங்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பிற இராஜ்யங்களில் குடியேறி வாழும் தமிழ் நேயர்களுக்கு இந்நிலை புதிதன்று.

அந்த நெய்யாற்றின்கரையில் தம் தாயாரின் பெயரால் ‘மாதவி மந்திரம்’ என்னும் தொண்டு நிலையத்தை நிறுவி, முதுமைக் காலத்தைக் கழித்தவர் காந்தியடிகளின் சீடரான ஜி. இராமச்சந்திரன். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அப்பெரியாரின் வாழ்க்கைத் துணைவியாய் அமைந்தவர் ஒரு தமிழ் மாது. எண்பது ஆண்டுகள் வாழ்ந்து, மருத்துவத்தையும் கல்வியையும் கிராமங்களுக்குக் கொண்டு சென்ற டாக்டர் சௌந்தரம் அம்மையாரே அவர். அவருடைய வரலாற்றை இங்குச் சிறிது ஆராய்வோம்.

அம்மையார் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் பிறந்தார். தந்தையார், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடி டி.வி. சுந்தரம் அய்யங்கார், மதுரையில் பஸ் போக்குவரத்தை வளர்த்துப் பெருந்தொழில் நிறுவனம் ஒன்றை உருவாக்கியவர். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த இல்லம் அது. ஆயினும் அக்கால வழக்கப்படி, சிறுமியாய் இருந்தபோதே சௌந்தரத்துக்கு மணம் முடித்தனர். கணவர் சௌந்தரராஜன் ஒரு மருத்துவர். 1925ஆம் ஆண்டில் அவர் பிளேக் நோய்க்கு இரையானார். இருபது வயதை எட்டிய நிலையில் அம்மையார் கைம்பெண் ஆனார்.

ஆசாரம் மிக்க குடும்பத்தில் இளங்கைம்பெண்ணுக்கு அன்று இருந்த இடம் யாது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே ஏற்றிருந்தது, சமூகம் ஏற்கவில்லை. உண்ணவும் உடுக்கவும் குறைவின்றி, ஆனால் செய்வதற்கு ஒன்றுமின்றி, வீட்டின் ஒரு மூலையில் நாளைக் கழிப்பதே பலருக்கு விதியாய் இருந்தது. சௌந்தரத்தின் பெற்றோர் மகளை அந்த மூலையில் விட்டுவிடவில்லை. மேலே படிக்க வைத்தனர். டில்லியில், பெண்களுக்கென்றே ஏற்பட்ட லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936ஆம் ஆண்டில், தம் முப்பத்திரண்டாம் வயதளவில், அவர் மருத்துவரானார். நோயால் கணவரை இழந்த பெண் நோய் தீர்க்கும் தொழிலை மேற்கொண்டதில் ஒரு பொருத்தம் உண்டு.

டில்லி வாழ்வு மற்றொரு கதவையும் திறந்தது. உடன் பயின்ற சுசீலா நய்யாரின் வாயிலாகக் காந்தியடிகளின் தொடர்பு கிடைத்தது. அரிஜனத் தொண்டில் ஈடுபட்டிருந்த இராமச்சந்திரனை அறிந்ததும் அங்கேதான். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினர். கைம்பெண், வேறு சாதி, வேறு மொழி. கல்விக்குத் துணை நின்ற குடும்பம் இம்முறை உடன்படவில்லை. காந்தியடிகளோ உடனே ஆசி வழங்கிவிடவில்லை. ஓராண்டுக் காலம் ஒருவரையொருவர் பாராமலும் கடிதம் எழுதாமலும் இருங்கள். அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணம் செய்யலாம் என்று பணித்தார். இருவரும் அவ்வாறே காத்திருந்தனர். 1940 நவம்பரில் சேவாகிராமத்தில் அடிகளின் முன்னிலையில் திருமணம் நடந்தது. மணமகன் உடுத்தது அடிகள் நூற்ற நூலில் நெய்த வேட்டி. மணமகள் உடுத்தது கஸ்தூர்பா நூற்ற நூலில் நெய்த சேலை.

தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் இடையே எல்லை வழக்கு முற்றி, 1954 ஆகஸ்டில் தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிப் பிரயோகம் வரை சென்றதை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டுகள் முழுவதும் இந்த இல்லறம் இரு மொழிகளுக்கும் உரியதாய் விளங்கியது. தாய்மொழிப் பற்றையும் அயல்மொழியாரோடு கூடி வாழும் பண்பையும் ஒருங்கே கொள்ள முடியும் என்பதற்கு, பிற மொழியாரிடையே வாழும் நமக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

1944ஆம் ஆண்டில் கஸ்தூர்பா மறைந்தபின், அவர் பெயரால் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டாற்ற நிதி ஒன்று அமைந்தது. தமிழ்நாட்டில் அப்பணியின் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. நகரத்தில் மருத்துவமனை வைத்துப் பொருளீட்டும் வாய்ப்பு அவருக்கு எளிதாகவே கிட்டியிருக்கும். அவரோ, மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, சிறுமலை அடிவாரத்தில், நெசவாளர் நிறைந்த சின்னாளபட்டிப் பகுதியைத் தேர்ந்தார். 1947ஆம் ஆண்டில் அவ்விடத்தில் கணவரும் மனைவியும் சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவினர்.

அங்கு எழுந்த பணிகளைப் பார்த்தால் அம்மையாரின் உள்ளம் புலப்படும். தாயையும் சேயையும் காக்கும் கஸ்தூர்பா மருத்துவமனை. பெற்றோரற்ற குழந்தைகளுக்கு இல்லம். கைத்தொழிலோடு கூடிய ஆதாரக் கல்விப் பள்ளி. கிராமப் பெண்களைச் சேவிகைகளாகப் பயிற்றும் நிலையம். குழந்தைப் பருவ மணத்தாலும் கைம்மையாலும் தாம் பட்ட துன்பம் பிற பெண்களுக்கு எவ்வாறு நேராதிருக்கும் என்ற வினாவுக்கு அவர் தந்த விடைகளாகவே இவற்றை நாம் கொள்ளலாம். 1956ஆம் ஆண்டில் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம் 1976ஆம் ஆண்டில் பல்கலைக்கழக நிலையை எய்தியது.

அரசியலும் அவரை அழைத்தது. 1952ஆம் ஆண்டில் ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும், 1957ஆம் ஆண்டில் வேடசந்தூர்த் தொகுதியிலிருந்தும் சட்டசபைக்குச் சென்றார். 1962ஆம் ஆண்டில் திண்டுக்கல்லின் பிரதிநிதியாக லோக்சபையில் அமர்ந்து, மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் பதவி நீங்கியது, தொண்டு நீங்கவில்லை. 1984 அக்டோபர் 21ஆம் நாள் அவர் மறைந்தார். 2005ஆம் ஆண்டில் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த தலை ஒன்றை வெளியிட்டுச் சிறப்பித்தது.

பெண்ணுக்குக் குடும்பமே போதும், பொதுப்பணி வேண்டா என்போர் உண்டு. பொதுப்பணிக்கு வந்தவள் குடும்பத்தைத் துறந்தாக வேண்டும் என்போரும் உண்டு. அம்மையாரின் வாழ்க்கை இவ்விரு கூற்றையும் மறுக்கிறது. மகளைப் படிக்க வைத்த பெற்றோரின் துணையின்றி அவர் மருத்துவராகியிருக்க முடியாது. அப்பெற்றோர் விதித்த எல்லையைக் கடக்காமல் காந்திகிராமத்துக்கு வந்திருக்கவும் முடியாது. காந்திகிராமம் அவருடைய இல்லறத்திலிருந்தே பிறந்தது. நம் இல்லங்களிலும் படிக்க விரும்பும் ஒரு மகள் இருப்பாள். துணை இழந்து தனித்திருக்கும் ஒரு சகோதரி இருப்பாள். அவர்களுக்கு நாம் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.