ட்ரமடோல் குளிசை எடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

யுத்தம் 2009இல் முடிந்தது. ஆனால் உடம்பில் ஷெல் துண்டுகளைச் சுமப்பவர்களுக்கும், இழந்த காலின் இடத்தில் இன்னும் எரிவை உணர்பவர்களுக்கும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் வலி முடியவில்லை. பனடோலுக்கு அடங்காத வலிக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று ட்ரமடோல். முறையாக எடுத்தால் பயன் தரும். ஆனால் வேறு சில மருந்துகளோடு சேரும்போது இது ஆபத்தாகலாம். யுத்தத்தில் காயப்பட்ட பலர் எடுக்கும் மருந்துகளே அந்தப் பட்டியலில் இருப்பதால், இதைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம்.

எப்படி வேலை செய்கிறது?

ட்ரமடோல், மோர்பின் சார்ந்த ஓபியொயிட் வகையைச் சேர்ந்தது. அதைவிட வலிமை குறைந்தது. மூளையில் வலி உணர்வைக் குறைப்பதோடு, செரட்டோனின், நோரெபினெப்ரின் ஆகிய இரசாயனங்களின் அளவையும் கூட்டுகிறது. மனச்சோர்வுக்கான பல மருந்துகளும் இதே வேலையைச் செய்கின்றன.

குளிசையின் ஒரு பகுதியை ஈரல் மாற்றியமைத்த பிறகே வலி நன்றாகக் குறையும். சிலருடைய ஈரல் இதை மிக வேகமாகச் செய்யும். அவர்களுக்குச் சாதாரண அளவே அதிகமாகிவிடும். வேறு சிலருக்கு இது மெதுவாக நடப்பதால் வலி அவ்வளவாகக் குறையாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட குளிசை உங்களுக்கும் அதே அளவில் பொருந்தும் என்று எண்ணி வாங்கிப் போடாதீர்கள்.

எவ்வளவு, எப்படி?

உங்களுக்கான அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். சாதாரண ட்ரமடோல் பெரும்பாலும் 50 மி.கி. அளவில் வருகிறது. வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் 400 மி.கி.க்கு மேல் எடுக்கக்கூடாது. 75 வயதைக் கடந்தவர்களுக்கும், ஈரல், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் இந்த எல்லை இன்னும் குறைவு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

மெதுவாகக் கரையும் வகைக் குளிசையை உடைக்கவோ, அரைக்கவோ, சப்பவோ வேண்டாம். பல மணித்தியாலங்களுக்குரிய மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் சேர்ந்துவிடும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.

ட்ரமடோலும் பரசிட்டமோலும் ஒன்றாகக் கலந்த குளிசைகளும் பாமசியில் கிடைக்கின்றன. அவற்றோடு தனியாகப் பனடோலும் போட்டால் பரசிட்டமோலின் அளவு கூடி ஈரலைப் பாதிக்கும். கொடுக்கப்பட்டது எந்த வகை என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

தலையில் காயம்பட்டவர்கள்

ட்ரமடோல் வலிப்பை உண்டாக்கக்கூடியது. அளவு கூடும்போது இந்த ஆபத்தும் கூடும். சாதாரண அளவிலும் சிலருக்கு வலிப்பு வந்திருக்கிறது. ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்களும், தலையில் காயம்பட்டவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மூளைக் காயத்தின் பின் வரும் வலிப்பு, காயம்பட்டுப் பல வருடங்கள் கழித்தும் தொடங்கலாம். இதுவரை ஒருமுறையேனும் வலிப்பு வராவிட்டாலும், தலைக்குள் ஷெல் துண்டு இருக்கிறது அல்லது தலையில் அடிபட்டு மயங்கியிருந்தேன் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். வைத்தியர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். வலிப்புக்குக் கார்பமசபின் எடுப்பவர்களுக்கு ட்ரமடோலின் பயனும் குறைந்துவிடும்.

மனநலக் கிளினிக் மருந்துகளோடு

மனச்சோர்வு, பதகளிப்பு, கெட்ட கனவுகள் போன்றவற்றுக்காகப் புளுவொக்சிற்றின், செர்ட்ரலின், அமிற்றிப்டிலின் ஆகியவற்றில் ஒன்றை எடுப்பவர்கள் பலர். இவற்றோடு ட்ரமடோல் சேரும்போது வலிப்பு வரும் ஆபத்து கூடுகிறது. செரட்டோனினும் அளவுக்கு மீறிக் கூடலாம். அப்போது உடல் நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தசைகள் துடிக்கும், காய்ச்சலும் வயிற்றோட்டமும் வரலாம். ஆள் நிலைகொள்ளாமல் தவிப்பார். வீட்டிலுள்ளவர்கள் இதைப் பழைய பதகளிப்பு திரும்பிவிட்டது என்று எண்ணி விட்டுவிடக்கூடாது.

புளுவொக்சிற்றின், ட்ரமடோலை ஈரல் மாற்றியமைப்பதையும் தடுக்கிறது. அதனால் வலி குறையாது. குறையவில்லை என்று குளிசையைக் கூட்டினால் வலிப்பு ஆபத்துத்தான் கூடும். இதை வாசித்துவிட்டு மனநல மருந்தையோ வலிப்பு மருந்தையோ நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். இரண்டும் சேரலாமா, வேறு வலி மருந்து உண்டா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

தூக்க மருந்தும் மதுவும்

டயசிபாம், குளோனசிபாம் போன்ற மருந்துகளும், நரம்பு வலிக்குக் கொடுக்கப்படும் பிரிகபலின், கபபென்டின் ஆகியவையும், தசை இறுக்கத்துக்கான பக்லோபெனும் தூக்கத்தை உண்டாக்குபவை. ட்ரமடோலோடு சேரும்போது மூச்சு மெதுவாகி ஆபத்து ஏற்படலாம். சாராயம், கசிப்பு, கள்ளு எதுவானாலும் இதே ஆபத்து உண்டு. ட்ரமடோல் எடுக்கும் காலத்தில் குடிக்க வேண்டாம். குடிப்பழக்கம் இருந்தால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அன்றாட வாழ்க்கையில்

தலைச்சுற்று, ஓங்காளம், சத்தி, தூக்கம் ஆகியவை முதல் நாட்களில் வரலாம். செயற்கைக் காலோடு அல்லது ஊன்றுகோலோடு நடப்பவர்கள் விழுந்துவிடாமல், குறிப்பாக இரவில் எழும்பும்போது, கவனமாக இருக்க வேண்டும். மருந்து உங்களை எப்படிப் பாதிக்கிறது என்று தெரியும்வரை மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் ஓட்டவோ கடலுக்குப் போகவோ வேண்டாம்.

மலச்சிக்கலும் வரும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏற்கெனவே மலம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருப்பதால் இது பெரிய பிரச்சினையாகலாம். தொடக்கத்திலேயே மலமிளக்கி தேவையா என்று கேளுங்கள். ட்ரமடோல் சிலருக்கு இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் என்பதை நீரிழிவுள்ளவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

குளிசைகளைப் பிள்ளைகள் எடுக்க முடியாத இடத்தில் வையுங்கள். வீட்டில் மனமுடைந்த நிலையில் ஒருவர் இருந்தால், மருந்தை இன்னொருவர் பொறுப்பில் பூட்டி வைப்பது நல்லது.

திடீரென நிறுத்த வேண்டாம்

நாட்கணக்கில், வாரக்கணக்கில் எடுக்கும்போது உடல் ட்ரமடோலுக்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், நித்திரையின்மை, வயிற்றுப் பிடிப்பு, பதகளிப்பு வரும். வைத்தியரின் உதவியோடு சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். துண்டில் எழுதியதைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது, வலி இல்லாத நாளிலும் போடத் தோன்றுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். அது குணக்கேடு அல்ல. இந்த வகை மருந்துகள் யாரையும் பழக்கப்படுத்தக்கூடியவை.

உடனே வைத்தியசாலைக்கு

எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், மிக மெதுவான மூச்சு, நீலமாகும் உதடு, வலிப்பு, மேலே சொன்ன நடுக்கமும் காய்ச்சலும் கண்டால் 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அழைத்துவிட்டு ஆளை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ வேறெதுவுமோ வைக்க வேண்டாம். வலிப்பின்போது கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. எடுத்த குளிசைகளின் அட்டைகளைக் கூடவே கொண்டுசெல்லுங்கள்.

எல்லாக் கொப்பிகளும் ஒன்றாக

வலிக்கு ஒரு கிளினிக், வலிப்புக்கு ஒன்று, மனநலத்துக்கு இன்னொன்று என்று போகிறவர்களிடம் வெவ்வேறு கொப்பிகள் இருக்கும். இடையில் தனியார் வைத்தியரிடம் எடுத்த மருந்து எந்தக் கொப்பியிலும் இருக்காது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் எல்லாக் கொப்பிகளையும், வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியர் முன் வையுங்கள். பிறகு இந்த மூன்றையும் கேளுங்கள்: இவற்றை ஒன்றாக எடுக்கலாமா? எத்தனை நாளைக்கு எடுக்க வேண்டும்? எப்படி நிறுத்துவது?

நரம்பு சேதத்தாலும் அவயவம் இழந்ததாலும் வரும் எரிவு வலிக்கு ட்ரமடோல் வழக்கமான முதல் தெரிவு அல்ல. அதற்கு வேறு மருந்துகளும், இயன்மருத்துவமும் உண்டு. ட்ரமடோலால் வலி குறையவில்லையானால் அளவைக் கூட்டாமல், வேறு வழி என்ன என்று கேளுங்கள்.