பொறுப்பு என்னும் சொல்லின் இரு வரலாறுகள்

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின் வழியாக, சமூகப் பொறுப்பைக் கணக்கிடத்தக்க ஒரு தொகையாக மாற்றியது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இதற்கான விதிகளில் உள்ள விலக்குகளுள் இரண்டு இவை. வழக்கமான தொழில் நடவடிக்கையாகச் செய்வது இக்கணக்கில் சேராது. தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் மட்டுமே பயன்படுவதும் சேராது. அன்றாடச் செலவைத் தொண்டு என்று காட்டுவதைத் தடுக்க இவை தேவையானவையே. ஆயினும் இவற்றை வரலாற்றின் முன் நிறுத்தினால் ஒரு சிக்கல் புலப்படும்.

முதலில் ஜாம்ஷெட்பூர். டாடா இரும்பு எஃகு நிறுவனம் 1912இல் எட்டு மணி நேர வேலைநாளைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமோ நெசவாலைகளில் ஆண்கள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் உழைப்பதை அனுமதித்திருந்தது. வாரத்திற்கு 48 மணி நேரம் என்னும் சட்ட வரம்பு 1940களில்தான் வந்தது. இதனை முதலாளியின் பெருந்தன்மை என்று மட்டும் எழுதிவிட இயலாது. 1920இலும் 1922இலும் 1928இலும் அதே ஆலையில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. எனினும் இந்தியத் தொழில்துறை தன் பொறுப்புணர்வுக்குச் சான்றாக இன்றும் சுட்டும் அந்த எட்டு மணி நேர வேலைநாள், இன்றைய விதிகளின்படி 2 விழுக்காட்டுக் கணக்கில் இடம்பெறாது.

அடுத்தது போபால். 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மிதைல் ஐசோசயனேட் கசிந்தது. ஆலை நட்டத்தில் இயங்கிவந்தது, ஆள்குறைப்பு நடந்திருந்தது. அந்த வேதிப்பொருளைக் குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டிய அமைப்பு சில மாதங்களாகவே நிறுத்தப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1989இல் 47 கோடி டாலர் இழப்பீட்டில் வழக்கு முடிக்கப்பட்டது. ஆலையில் எஞ்சிக் கிடந்த சுமார் 337 டன் நச்சுக் கழிவு அங்கிருந்து அகற்றப்பட்டது 2025 ஜனவரியில்தான். குளிரூட்டும் அமைப்பைத் தொடர்ந்து இயக்கியிருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய செலவும் வழக்கமான தொழிற்செலவே. எந்தச் சமூகப் பொறுப்புக் கணக்கிலும் அதற்கு இடமில்லை.

போபாலுக்கு மறு ஆண்டு தில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அவ்வழக்கில் 1986 டிசம்பரில் நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அரசியல் சாசன அமர்வு, ஆபத்தான தொழிலை நடத்தி இலாபம் ஈட்டுவோர் அதனால் விளையும் கேட்டுக்கு எவ்வித விலக்குமின்றி முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று வகுத்தது. நிறுவனம் எவ்வளவு பெரிதோ இழப்பீடும் அவ்வளவு பெரிதாக வேண்டும் என்றும் கூறியது. 2 விழுக்காட்டு விதி இலாபம் வந்த பின்பு எவ்வளவு கொடுப்பது என்று கேட்கிறது. 1986 தீர்ப்போ அந்த இலாபம் வந்த வழியைப் பற்றிக் கேட்டது.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலம் இரு சொற்களால் குறிக்கும் கடமையுணர்வையும் சட்டப் பிணைப்பையும் தமிழில் பெரும்பாலும் பொறுப்பு என்ற ஒரே சொல்லால் வழங்குகிறோம். அதன் வேராகிய 'பொறு' என்பதற்குச் சுமத்தல் என்றும் பொருள், சகித்தல் என்றும் பொருள். போபாலில் நிறுவனம் சுமக்காததை மக்கள் பொறுத்துக்கொண்டனர்.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள், பணியிட உயிரிழப்புகள், கழிவுகள் முதலிய விவரங்களை 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி பணித்துள்ளது. ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்க நேர்ந்தால், பள்ளிக் கட்டடங்களின் படங்களைக் கடந்து அப்பக்கங்களையும் பாருங்கள். இலாபத்துக்கும் பொறுப்புக்கும் இடையிலான உண்மையான கணக்கு அங்கேதான் எழுதப்படுகிறது.