காத்து அடித்த முகம்

கிளேபாங்கில் யாருக்காவது வாய் கோணிவிட்டால், "கடக்காத்து அடிச்சிருச்சு" என்பார்கள். எனக்கு அதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றுவதில்லை. சித்தமும் ஆயுர்வேதமும் இதை வாத நோயாகவே கண்டன. வாதம் என்றாலே காற்றுதான். நம் ஆட்கள் பேசுவது பழைய மருத்துவத்தின் மிச்சம்.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரசீக மருத்துவர் அல்-ராஸி, மூளைக் கோளாறால் வரும் முகவாதத்தையும் நரம்பால் வருவதையும் பிரித்துப் பார்த்தார். 1821இல் லண்டனில் சார்லஸ் பெல் முக நரம்புகளை விளக்கினார். 'பெல்ஸ் பால்சி' என்று பெயர் அவருக்குப் போனது.

ஆண்டுக்கு லட்சத்தில் 20 முதல் 30 பேருக்கு இது வருகிறது. வாழ்நாள் கணக்கில் ஏறக்குறைய 60 பேரில் ஒருவர். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். இதில் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. வீட்டிலிருந்தே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஸ்காட்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் 94 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் குணமானார்கள், எடுக்காதவர்களில் 82.

என் பெரியம்மா அந்த மூன்று நாளையும் எண்ணெய் தேய்த்தே கழித்தார். இன்றும் சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்.