பத்து வயதைக் கடந்த வண்டிகள்



"எங்கள் அப்பாவின் காருக்கு ஒன்பது வயது. அடுத்த ஆண்டு அது இறந்துவிடும்." தொடக்கநிலை நான்கில் பயிலும் மாணவர் ஒருவர், ‘எங்கள் வாகனம்’ என்னும் கட்டுரையில் எழுதியிருந்த வரிகள் இவை. இலக்கணப் பிழை ஏதுமில்லை; நானும் சிவப்பு மையைத் தொடவில்லை. சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு இது தெரிந்த செய்திதான். 1990ஆம் ஆண்டு மே மாதத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் முறை இங்கே நடைமுறைக்கு வந்தது. நாம் சுருக்கமாக ‘சிஓஇ’ என்று சொல்லும் அந்தச் சான்றிதழின் ஆயுள் பத்தாண்டு. பத்தாண்டு முடிந்தால் மீண்டும் பணம் கட்டி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ நீட்டிக்கலாம். இல்லையேல் வாகனத்தின் பதிவை நீக்கிவிட வேண்டும். எஞ்சின் நன்றாக ஓடுகிறதா, இல்லையா என்பது இரண்டாவது கேள்விதான்.

இச்சான்றிதழின் விலையும் ஒரு தனிக் கதை. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சிஓஇ வெறும் 2 வெள்ளிக்கு இறங்கியது. 2023 அக்டோபரில் அதே பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்டது. பெரிய கார்களுக்கு 150,001 வெள்ளி! அந்த ஒரு வெள்ளியை யார் சேர்த்துப் போட்டிருப்பார் என்று பலமுறை எண்ணிச் சிரித்திருக்கிறேன். பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியும் கூடும்: பதினோராம் ஆண்டில் 10 விழுக்காடு, பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும். பரிசோதனையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்பது மாறி ஆண்டுதோறும் என்றாகும். இச்சட்டத்தின் மீது எனக்கு மனக்குறை இல்லை. ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவில் எல்லாரும் எல்லா வண்டியையும் எக்காலமும் வைத்துக்கொள்ள இயலாது. ஆயினும், வண்டி என்றால் பத்தாண்டில் மடிவது என்று நம் பிள்ளைகள் இயற்கை விதிபோல் நம்புவதால், அதற்கு மாறான ஒரு வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்லத் தோன்றியது.

நான் வசிக்கும் புக்கிட் மேரா வட்டாரத்தில் அதைச் சொல்வதில் ஒரு பொருத்தமும் உண்டு. லெங் கீ சாலையில் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால் புத்தம்புதிய கார்கள் நிற்கின்றன. அங்கிருந்து நடந்துசெல்லும் தொலைவில், அலெக்சாண்ட்ரா வில்லேஜில், எண்ணெய்க் கறை படிந்த தரையுள்ள பட்டறைகள். புது வண்டியும் பழுதும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் இடம் ஊரில் அதிகமில்லை.

1956ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், சேறும் புழுதியும் படிந்த இரண்டு வண்டிகள் சிங்கப்பூருக்குள் நுழைந்தன. ஒன்றின் பெயர் ‘ஆக்ஸ்ஃபர்ட்’, மற்றதன் பெயர் ‘கேம்பிரிட்ஜ்’. இரண்டும் லேண்ட் ரோவர்கள். 1955 செப்டம்பர் முதல் நாள் லண்டனின் ஹைட் பார்க்கிலிருந்து கிளம்பியவை. அவ்விரு பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த ஆறு இளைஞர்கள், 6 மாதம் 6 நாள் ஓட்டி, தரைவழியாகவே இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஆண்டனி பாரிங்டன் பிரவுன் ஒளிப்படக் கலைஞர். டிஎன்ஏ மாதிரியின் அருகில் வாட்சனும் கிரிக்கும் நிற்கும் புகழ்பெற்ற படத்தை 1953இல் எடுத்தவர் அவரே. அறிவியல் பாடம் நடத்தும் நண்பர்களுக்கு இது பயன்படலாம்.

அப்போது டேவிட் மார்ஷல் முதலமைச்சர். வண்டிகள் வந்து ஆறு நாளில் ‘மெர்டேக்கா வாரம்’ தொடங்கியது. நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று அனைத்துக் கட்சிக் குழு பரிந்துரைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழாசிரியர்களாகிய நமக்கு அந்த ஆண்டில் நினைவிருக்க வேண்டியது அப்பரிந்துரையே. இருப்பினும் வண்டிகளையும் மறக்க வேண்டியதில்லை.

அவர்கள் கடந்த பாதையில் மிகக் கடுமையானது அசாமின் லீடோவிலிருந்து பர்மாவுக்குள் செல்லும் மலைச்சாலை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல்லின் பொறுப்பில் போடப்பட்ட அச்சாலையை, பத்தே ஆண்டுகளில் காடு விழுங்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு செய்தியும் உண்டு. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, அங்கு வாழ்ந்த இந்தியர் பல்லாயிரவர், தமிழர் உட்பட, இந்தியாவை நோக்கி நடந்தே வெளியேறினர். அவர்கள் நடந்த வழிகளுள் ஒன்று இந்த மலைக்காட்டின் ஊடாகவே சென்றது. பசியிலும் காய்ச்சலிலும் வழியில் மாண்டவர்கள் ஏராளம். மாணவர்கள் சாகசமாகக் கடந்த காட்டுக்கு நம்மவரிடம் வேறொரு பெயர் இருந்திருக்கும்.

இனி அந்த வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1940இல் அமெரிக்கப் படைக்காக அவசரமாக வடிவமைக்கப்பட்டது ஜீப். போர் முடிவதற்குள் 600,000க்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாகிவிட்டன. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் பண்ணை வைத்திருந்த மோரிஸ் வில்க்ஸ், போரில் மிஞ்சிய ஜீப் ஒன்றை உழைக்கவிட்டிருந்தார். ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரும் அவரே. இதுபோல் ஒன்றை நாமே செய்தாலென்ன என்று எண்ணினார். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் வெளிவந்தது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு கிடைப்பது அரிது. ஆகவே உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டம் மட்டும் எஃகு.

இவ்வகை வண்டிகளின் இன்பமும் துன்பமும் இந்த அமைப்பிலேயே இருக்கின்றன. அலுமினியம் துருப்பிடிக்காது, எஃகுச் சட்டம் துருப்பிடிக்கும். இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், அலுமினியமும் வெண்மையாகப் பொரிந்து உதிரும். நம் வட்டாரத்து மழைக்கும் வெக்கைக்கும் கேட்கவா வேண்டும்! பற்சக்கரப் பெட்டிகள் பல. ஒவ்வொன்றின் இணைப்பிலும் எண்ணெய் கசியும். ஆனால் ஏறத்தாழ எல்லாப் பகுதிகளும் திருகாணியால் பொருத்தப்பட்டவை. நசுங்கிய மட்கார்டைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். எதையும் திறந்து பார்க்கலாம். அடிக்கடி பழுதாகும், ஆனால் அநேகமாக எப்போதும் சரிசெய்ய முடியும். இந்த இரண்டு குணங்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதே என் கருத்து. பழுதே ஆகாத இன்றைய கார், பழுதாகும் நாளில் சொந்தக்காரரைக் கிட்டவே விடுவதில்லை.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் தாய்மாமா கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு அருகில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். தேயிலையும் காய்கறியும் விளையும் அம்மலையில், பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகள் சாலையோரமெங்கும் நிற்பதை அங்குச் சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். மாமா 1987இல் அப்படியொன்றை வாங்கினார். அப்போதே அதற்குப் பதினைந்து வயது. எந்த நிறுவனத்தின் வண்டி என்பதைச் சொல்லப்போவதில்லை. செய்தவர்களை வம்புக்கு இழுப்பானேன்? மலேசியாவில் வண்டிக்குப் பத்தாண்டு ஆயுள் என்ற கணக்கு இல்லை. எனவே அது இன்றும் இருக்கிறது. ‘ஓடுகிறது’ என்று துணிந்து சொல்ல மாட்டேன்.

சிறுமியாக இருந்தபோது பள்ளி விடுமுறைக்கு அங்குப் போவோம். குளிர்ந்த காலைகளில் வண்டி உயிர் பெறாது. மாமா முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார். "செத்துப் போகலம்மா, தூங்குது" என்பார். மழை பெய்தால் கூரை ஒழுகும். பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகளின் மேல் அமர்ந்து குடை பிடித்துக்கொண்டு போனதுண்டு. ஒருமுறை பின்சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத்தண்டு முறிந்து, சரக்கோடு நடுவழியில் நின்றது. கீழே சந்தைக்குப் போக வேண்டிய கீரை முழுவதும் வாடிப்போயிற்று. அத்தை அன்றைக்குப் பேசிய பேச்சை எழுத்தில் தர இயலாது. அத்தையின் பக்கம் நியாயம் இருந்தது. அந்த வண்டிக்குப் போட்ட பணத்தில் வீட்டுக்கு இன்னோர் அறை கட்டியிருக்கலாம். பழைய வண்டி வைத்திருப்பவர்களின் மகிழ்ச்சியைப் பாடுகிறவர்கள், அதற்கு விலை கொடுத்த வீட்டாரை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் மகிழ்ச்சியும் பொய்யில்லை. சரிவில் ஏறும்போது எஞ்சினின் ஓசை சற்றே மாறினால் மாமா தலையைச் சாய்த்துக் கேட்பார். எது தளர்ந்தது என்று நிறுத்தாமலே சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். பெரிய லாரிகளும் திணறும் செம்மண் சேற்றில் அது ஆமைபோல் ஊர்ந்து ஏறிவிடும். அன்று முழுவதும் மாமாவின் முகம் மலர்ந்திருக்கும்.

‘ஆக்ஸ்ஃபர்ட்’ வண்டிக்கு என்னவாயிற்று என்று சொல்லாமல் விட்டால் மாணவர்கள் விடமாட்டார்கள். இரண்டும் இங்கிலாந்துக்குத் திரும்பின. ‘கேம்பிரிட்ஜ்’ பின்னர் வேறொரு பயணத்தில் பள்ளத்தாக்கில் விழுந்து அழிந்தது. ‘ஆக்ஸ்ஃபர்ட்’ பறவை ஆய்வாளர்களுடன் அட்லாண்டிக் பெருங்கடலின் அசென்ஷன் தீவுக்குப் போய், பிறகு செயின்ட் ஹெலினா தீவில் பல்லாண்டு கிடந்தது. நெப்போலியன் சிறைவைக்கப்பட்ட அதே தீவு. ஆடம் பென்னட் என்பவர் 2017இல் அதை மீட்டுக் கொண்டுவந்து ஓடும் நிலைக்குத் திருப்பினார். 2019 ஆகஸ்ட் 25ஆம் நாள், 64 வயதான அவ்வண்டி, நம் சிங்கப்பூரிலிருந்து லண்டனை நோக்கிக் கிளம்பியது! முதற்பயணத்தில் வந்தவரும் அதைப் புத்தகமாக எழுதியவருமான டிம் ஸ்லெசர் 87 வயதில் அதில் செல்வதாக இருந்தது. புறப்படும் தறுவாயில் இங்கு அவர் நோயுற்றார். அவருடைய பேரன் அந்த இருக்கையில் அமர்ந்து சென்றார். 111 நாள்கள் கழித்து, டிசம்பர் 14ஆம் நாள் வண்டி லண்டனை அடைந்தது. வண்டி தாங்கியது, மனித உடலுக்குத்தான் மாற்று உறுப்பு எளிதில் கிடைப்பதில்லை.

மாமாவுக்கு இப்போது 76 வயது. முழங்கால் வலி, கிளட்சை மிதிக்க முடிவதில்லை. பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். வண்டி வேண்டாம் என்றுவிட்டார்கள். மூத்தவருடைய மகனுக்கு மட்டும் அதன்மேல் ஆசை. பதினேழு வயது, கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் சாப்பாட்டை மறப்பான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1987 முதல் அந்த வண்டிக்குச் செய்த ஒவ்வொரு வேலையையும் மாமா நீல அட்டை போட்ட ஒரு கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்: நாள், பழுது, கொடுத்த ரிங்கிட், எந்த வண்டியிலிருந்து கழற்றிய பாகம், அது பொருந்த எதை எவ்வளவு அராவினார் என்பது வரை. இத்தனை ஆண்டுகளில் பல பாகங்கள் கைவேலையாக மாறிவிட்டமையால், நிறுவனத்தின் கையேடு இந்த வண்டிக்குப் பாதிதான் பொருந்தும். மீதி அந்த நோட்டில்தான் இருக்கிறது. அது முழுவதும் தமிழ். தேசியப் பள்ளியில் மலாய் வழியாகப் படித்த பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

தேசியக் கல்விக் கழகத்தில் நாங்கள் பயிற்சி பெற்றபோது, மொழியைக் கற்பிக்க ‘உண்மைச் சூழல்’ வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இதைவிட உண்மையான சூழல் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. சென்ற டிசம்பர் விடுமுறையில் வண்டியின் பக்கத்தில் பாய் விரித்து, பேரனும் நானும் முதல் 40 பக்கங்களை எழுத்துக்கூட்டிப் படித்தோம். ‘கிளட்ச் தட்டு’, ‘பட்டை வில்’, ‘தண்ணீர்ப் பம்பு’ எல்லாம் எளிதாகப் புரிந்தன. ஆனால் மாமா தாமே வைத்த பெயர்களும் இருக்கின்றன. 1994ஆம் ஆண்டுப் பக்கத்தில் ‘குருவிமூக்கு தேய்ந்தது, பித்தளையில் கடைந்து போட்டேன், 18 ரிங்கிட்’ என்று ஒரு குறிப்பு. குருவிமூக்கு எது என்று மாமாவைக் கேட்டோம். அவர் வண்டிக்கு அடியில் கையை நீட்டிக் காட்டினார். பேரன் டார்ச் விளக்கோடு உள்ளே போய், அங்கே மூன்று இருக்கின்றனவே, இவற்றில் எது என்று கேட்டான். குனிந்து காட்ட மாமாவால் முடியவில்லை. மூன்றையும் படம் வரைந்து வைத்திருக்கிறோம்; இன்னும் 112 பக்கங்கள் உள்ளன.