எழுதப் பழகும் பிள்ளைகள்

சித்திரை பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்துப் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கும். ஆனால் வட்டார நூலகங்களின் திண்ணைகளில் பிள்ளைகள் கூட்டமாய் அமர்ந்திருக்கக் காணலாம். படிப்பதற்கு மட்டும் வந்தவர்கள் அல்லர் அவர்கள். மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, பென்சில் நுனியைக் கடித்தபடி, தாமே ஒரு கதையை எழுத முயல்பவர்கள். மூன்று நாளோ நான்கு நாளோ நடக்கும் அந்தப் பயிற்சிக்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. நடுப்பகலில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். ஊரில் எழுத்தாளர் எனப் பெயர் பெற்ற ஒருவர் வந்து, அவர்களிடையே தரையில் அமர்ந்து, எழுதியவற்றைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

இந்நகரத்தார்க்கு இக்காட்சி பழகிப்போன ஒன்று. அலுவல் மாற்றலாகி இங்கு வந்த நமக்கோ அது பெரும் வியப்பாயிருந்தது. பாட்டுக்கும் நடனத்துக்கும் தவறாது மாதக் கட்டணம் வாங்குகிறார்கள். கதை எழுதப் பழக்குவது மட்டும் எவ்வாறு இலவசமாயிற்று? இவ்வினாவைப் பின்தொடர்ந்தபோது கிடைத்த வரலாறு, பிற மாநிலங்களில் பிள்ளைகளை வளர்த்துவரும் தமிழன்பர்களுக்கும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதலானோம்.

பிள்ளைகளை எழுதப் பழக்குவது தமிழர்க்குப் புதிதன்று. எனினும், திண்ணைப் பள்ளியில் எழுத்து என்றால் மணலில் விரல் தேய்வதும், ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பதுமே ஆகும். சொந்தமாய் ஒன்றைச் சொல்லும் உரிமை, யாப்புக் கற்றவனுக்கே வாய்த்தது. ஆசிரியர் ஈற்றடி ஒன்றைக் கொடுப்பார்; மாணாக்கன் மற்ற அடிகளைத் தன் கற்பனையால் நிரப்பி வெண்பாவாக்கிக் கொணர வேண்டும். 1871-ஆம் ஆண்டில், பதினாறு வயது இளைஞராய் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார் உ. வே. சாமிநாதையர். பிள்ளையவர்கள் மாணாக்கரிடம் பொருள் பெற்றுப் பாடஞ் சொன்னவர் அல்லர். அவர் பாடப் பாட ஏட்டில் எழுதுவதே மாணாக்கர்க்கு ஒரு பயிற்சியாயிருந்தது. செய்யுள் எவ்வாறு பிறக்கிறது என்பதை அருகிருந்து காணும் பேறு அது. ஆனால் அப்பேறு பெற்றோர் சிலரே. அக்கூடத்தில் ஒரு சிறுவன் தன் வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றித் தன் வீட்டுப் பேச்சில் எழுத முடியாது.

அந்தத் துணிவு ரஷ்ய நாட்டில் ஒரு பிரபுவுக்கு வந்தது. டால்ஸ்டாய் தமது யாஸ்னயா பொல்யானா ஊரில், 1859-ஆம் ஆண்டில் குடியானவர் பிள்ளைகளுக்கென்று கட்டணமில்லாப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஒருநாள் பழமொழி ஒன்றைக் கொடுத்து, அதற்கேற்ற கதை எழுதுமாறு பிள்ளைகளைக் கேட்டார். அவர்கள் தயங்கவே, தாமே எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் அவர் தோளுக்குப் பின்னிருந்து எட்டிப் பார்த்துக் குற்றஞ் சொல்லலாயினர். கிழவன் அப்படிப் பேசமாட்டான் என்றும், மனைவி இப்படித்தான் சினப்பாள் என்றும் திருத்தினர். அத்திருத்தங்கள் தம் எழுத்தினும் மேலானவை என்று டால்ஸ்டாய் கண்டார். எழுதுவதை யார் யாரிடம் கற்பது, குடியானவர் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா என்னும் வினாவையே தலைப்பாக்கி 1862-ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். ஈற்றடி கொடுத்த நம் ஆசிரியரும் பழமொழி கொடுத்த டால்ஸ்டாயும் கையாண்ட வழி ஏறத்தாழ ஒன்றே. திருத்தும் கை எவருடையது என்பதில்தான் வேறுபாடு.

இனித் திருவனந்தபுரத்துக்கு வருவோம். கல்வியை இலவசமாக்கும் எண்ணம் இம்மண்ணில் ஆழ வேரோடியது. 1817-ஆம் ஆண்டில் இராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டுமென ஆணை பிறப்பித்தார். சுவாதித் திருநாள் மகாராஜா ஆட்சியேற்ற 1829-ஆம் ஆண்டிலேயே பொது நூலகம் தோன்றியது. அது நெடுங்காலம் ஒரு கழகத்தின் பொறுப்பில் இருந்து, 1898-ஆம் ஆண்டில் அரசின் கைக்கு வந்தது. மாநில மத்திய நூலகம் என்ற பெயரில் இன்றும் நடைபெறுகிறது. 1834-ஆம் ஆண்டில், நாகர்கோயிலில் பள்ளி நடத்திவந்த ஜான் ராபர்ட்ஸ் என்பாரை அரசர் வருவித்து இங்கே ஆங்கிலப் பள்ளி நிறுவச் செய்தார். பின்னர் அரசரின் இலவசப் பள்ளி எனப் பெயர் பெற்ற அதுவே, வளர்ந்து பல்கலைக்கழகக் கல்லூரியாயிற்று. பள்ளி இலவசமாயிற்று, நூலகமும் பொதுவாயிற்று. எழுத்து மட்டும் பெரியோர் கையிலேயே இருந்தது.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரை நினையாமல் இருக்க இயலாது. நாஞ்சில் நாட்டுத் தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, இந்நகரத்து மகளிர் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தார். காக்கையும் கன்றும் கிளியும் குழந்தையின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுமோ, அவ்வாறே பாடியவர் அவர். ஆயினும் அவர் காலத்துக் குழந்தை இலக்கியம், குழந்தைகளுக்காகப் பெரியோர் படைத்தது. சென்னையில் 1950-ஆம் ஆண்டில் அழ. வள்ளியப்பா முன்னின்று தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கமும் குழந்தைகளுக்காக எழுதுவோர் சங்கமே. அதில் குறை காண்பது நம் நோக்கமன்று. உண்பதற்கு உணவு வைத்த பிறகுதானே சமைக்கக் கற்பிப்பார்கள்!

கேரளத்தில் அவ்வுணவை ஊர்தோறும் கொண்டுபோய் வைத்தவர் பி. என். பணிக்கர் என்னும் பள்ளி ஆசிரியர். 1926-ஆம் ஆண்டில், தமது பதினேழாம் வயதில், நீலம்பேரூரில் சிறு நூலகம் ஒன்றைத் தொடங்கினார். 1945-ஆம் ஆண்டில் 47 நூலகங்களின் சார்பாளர்கள் அம்பலப்புழையில் கூடித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அமைத்தபோது, அதன் உயிர்நிலையாய் விளங்கியவர் அவரே. படித்து வளர்க என்பது அவர் முழக்கம். அவர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. இன்று மாநில நூலக மன்றத்தைச் சார்ந்த நூலகங்களில், பாலவேதி என்னும் சிறுவர் அரங்கமும் அமைத்திருக்கிறார்கள். கோடை எழுத்துப் பயிற்சிகள் பெரும்பாலும் அவ்வரங்கத்தின் நிழலில்தான் நடக்கின்றன. நூலகத்தில் படிக்கக் கட்டணம் இல்லையென்றால், அதே திண்ணையில் அமர்ந்து எழுதவும் கட்டணம் இராதல்லவா? நம் வினாவுக்கு விடையில் பாதி இதுவே.

மற்றைப் பாதி ஓர் ஆசிரியரின் அஞ்சலட்டையில் அடங்கியிருக்கிறது. கோழிக்கோட்டில் இராமகிருஷ்ண ஆசிரம உயர்நிலைப் பள்ளியில் 1953-ஆம் ஆண்டு முதல் 1982-ஆம் ஆண்டு வரை பணியாற்றியவர், கவிஞர் குஞ்ஞுண்ணி. இரண்டு வரி, மூன்று வரியில் கவிதை எழுதிப் புகழ் பெற்ற அவரை மலையாள நாடு குஞ்ஞுண்ணி மாஸ்டர் என்றே அழைத்தது. மாத்ருபூமி வார இதழில் பாலபங்க்தி என்றொரு பகுதி இருந்தது. அதற்குக் குட்டேட்டன் என்னும் புனைபெயரில் ஆசிரியராயிருந்தவர் அவரே. ஏட்டன் என்பது மலையாளத்தில் அண்ணன். பிள்ளைகளுக்கு அவர் ஆசிரியரும் அல்லர், நடுவரும் அல்லர், அண்ணன்.

கேரளத்தின் மூலை முடுக்குகளிலிருந்து பிள்ளைகள் தம் கவிதைகளை அனுப்பினர். நல்லவை அச்சேறின, அச்சேறாதவற்றுக்கும் மறுமொழி கிடைத்தது. இச்சொல் மிகை, இவ்வரி உன்னுடையதன்று, நீ கண்டதை எழுது என்றவாறு அவர் தம் கையால் எழுதிய கடிதங்கள் ஏராளம். பிற்காலத்தில் பெயர் பெற்ற மலையாள எழுத்தாளர் பலர், தம் முதல் எழுத்து அப்பகுதியிற்றான் வெளிவந்தது என்று நன்றியோடு கூறுவர். தபால் செலவொன்றே கட்டணமாகக் கொண்ட எழுத்துப் பள்ளி அது. 2006-ஆம் ஆண்டில் அவர் காலமாகும் வரை, வலப்பாட்டிலிருந்த அவர் வீட்டை நாடிப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தனர். அலுவலகக் கோப்புகளில் நாள்தோறும் மறுமொழி வரையும் நமக்கு, இந்த மனிதரின் உழைப்பை எண்ணும்போது சற்றே நாணமும் உண்டாகிறது.

இதன்பின் நிறுவனங்கள் வந்தன. 1981-ஆம் ஆண்டில் மாநில அரசு திருவனந்தபுரத்தில் குழந்தை இலக்கிய நிறுவனத்தை அமைத்தது. அதன் திங்களிதழான தளிர், கவிஞர் சுகதகுமாரியை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. கல்வித் துறையார் வித்யாரங்கம் கலாசாகித்ய வேதி என்னும் அமைப்பின் வாயிலாகப் பள்ளிகளில் எழுத்துப் பட்டறைகளை நடத்துகின்றனர். 1957-ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளிக் கலைவிழாவில் கதைக்கும் கவிதைக்கும் போட்டிகளும் உண்டு. போட்டி வேறு, பட்டறை வேறு என்பதை இங்குக் கூறியாக வேண்டும். போட்டியில் ஒரு பிள்ளைக்குப் பரிசு; மற்றவர்க்குக் கைதட்டும் வேலை. பட்டறையிலோ எல்லாருடைய எழுத்தையும் ஒருவர் படித்தாக வேண்டும். குட்டேட்டன் செய்தது இரண்டாவது.

மேனாடுகளும் இவ்வழியில் நடக்கின்றன. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் 2002-ஆம் ஆண்டிலும், டப்ளின் நகரில் 2009-ஆம் ஆண்டிலும், எழுத்தாளர்கள் முன்வந்து சிறுவர்க்கும் இளைஞர்க்கும் இலவச எழுத்துக்கூடங்கள் திறந்தனர். முன்னதற்கு ஒரு வேடிக்கையான இடையூறு நேர்ந்தது. அத்தெருவில் கடை மட்டுமே வைக்கலாம் என்பது நகர விதி. ஆகவே முன்கட்டில் கடற்கொள்ளைக்காரர்க்கு வேண்டிய பொருள்கள் விற்கும் கடை ஒன்றை விளையாட்டாய் வைத்துவிட்டு, பின்கட்டில் பிள்ளைகளை எழுத அமர்த்தினார்கள்!

இனி, நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பிற மாநிலங்களில் தமிழ் கற்க வழியே இல்லையென்று சொல்வதற்கில்லை. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் உண்டு. மும்பையில் நகராட்சியின் தமிழ்ப் பள்ளிகள் உண்டு. தமிழ்ச் சங்கங்களின் ஞாயிறு வகுப்புகளும் உண்டு. அவ்வகுப்புகளிற் சிலவற்றுக்கு நாமும் போயிருக்கிறோம். பிள்ளைகள் குறளை ஒப்பிக்கிறார்கள், ஆத்திசூடி சொல்கிறார்கள், ஆண்டுவிழாவில் பேசுகிறார்கள். ஒரு பிள்ளை தானாகத் தமிழில் நாலு வரி எழுதிப் படித்ததை மட்டும் நாம் அங்கே காணவில்லை. படித்துக் கேட்க யாரும் அமரவில்லை என்பதே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. பள்ளி மொழி வேறாயிருப்பது தடை என்பாரும் உளர். இந்நகரத்துச் சாலைக் கடைத்தெருவில் வணிகராயிருந்த ஆ. மாதவன் பள்ளியில் மலையாளமே பயின்றவர். தமிழைத் தாமே கற்று, அத்தெருவின் சுமைகூலிகளையும் கடைக்காரரையும் தமிழ்க் கதைகளில் உலவவிட்டு, 2015-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். அவரைப் போன்ற உறுதி எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்கத் தக்கதன்று என்பதும் உண்மையே.

சென்ற கோடையில் நூலகம் ஒன்றில் நடந்த பயிற்சிக்கு, தமிழ் வீட்டுப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள் என்று நம்மையும் அழைத்தார்கள். கரமனைப் பக்கத்திலிருந்து வந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் தாள் தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. மலையாளம் பிழை மலிந்து கிடக்கிறது என்றார் பொறுப்பாளர். வாங்கிப் பார்த்தோம். எழுத்து மலையாளம், சொல் ஒவ்வொன்றும் தமிழ். தன் வீட்டுப் பேச்சைத் தான் அறிந்த எழுத்தில் அவன் வரைந்திருந்தான். உரக்கப் படித்தோம். பாட்டி மொட்டைமாடியில் வடாம் காயவைத்துப் பேரனைக் காவலுக்கு அமர்த்துகிறாள். பாதி வடாம் காணாமற் போகிறது. காக்கையின்மேற் பழி விழுகிறது. காக்கை வந்து தன் வழக்கைத் தானே சொல்கிறது: குடை நிழலில் ஒளிந்திருந்து தின்றவன் வாயை முகர்ந்து பாருங்கள் என்கிறது. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள், பொறுப்பாளரும் சிரித்தார்.

பாட்டிக்குக் காட்டினாயா என்று கேட்டோம். பாட்டிக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும், அதனால் காட்டவில்லை என்றான். அவன் எழுதிய எதனையும் பாட்டி இதுவரை படித்ததில்லையாம். அன்று மாலை அக்கதையைத் தமிழ் எழுத்தில் இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தோம். நம் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் பக்கம் மொழிபெயர்த்திருக்கிறோம். ஒரு சொல்லும் மாற்றாமல் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றே.

மறுநாள் அவன் முன்னதாகவே வந்துவிட்டான். பாட்டி இரண்டு முறை படித்தாளென்றும், தின்றவன் யாரென்று தனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொன்னாளென்றும் கூறினான். அடுத்த கதையைத் தமிழ் எழுத்திலேயே எழுதப்போவதாகச் சொல்லி, எழுத்துகளை எழுதிக் காட்டச் சொன்னான். மலையாளத்தில் ககர இனத்துக்கு நான்கு எழுத்து இருக்க, தமிழில் ஒன்றே இருப்பது அவனுக்குப் பெரிய குழப்பமாயிற்று. கடல் என்பதற்கும் மகன் என்பதற்கும் ஒரே ககரமா என்று கேட்டான். சொல்லில் எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி வேறுபடும் என்று விளக்கினோம்.

"அப்போ, இருக்கற எடத்தைப் பாத்து அதுவே சத்தத்தை மாத்திக்குமா, மாமா?" என்றான்.

ஆம் என்றோம். நடுப்பகல் கஞ்சிக்கு மணியடிக்கும் வரை, அவன் ககர வரிசையையே எழுதிக்கொண்டிருந்தான்.