பெரியப்பாவின் ஜீப்பும் என் ஃபோர் வீலரும்

நம்மூரில் 'ஃபோர் வீலர்' என்றால் கார். பென்சில்வேனியாவுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியவர் "நீ ஒரு ஃபோர் வீலர் வாங்கிவிடு" என்றபோது, வாசலில் நின்ற கார்களைக் காட்டி "ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே" என்று அசடு வழிந்தவன் நான். அவர் சொன்னது ஏ.டி.வி.யை. மோட்டார் சைக்கிள் போல ஹேண்டில் பார், குதிரைமேல் உட்காருவது போல சீட், நான்கு பலூன் டயர். விறகு இழுக்கலாம், பனி தள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதையில் சுற்றலாம்.

பிட்ஸ்பர்க்குக்கு வெளியே கொஞ்சம் மரங்களோடு ஒரு வீடு வாங்கியதால் எனக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. அந்த வண்டியை வாங்கப் போய்ப் பட்ட பாடும், பட்ட பிறகு படித்துத் தெரிந்துகொண்ட சரித்திரமும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நான் பி.காம். வங்கி வேலை. எதை வாங்கினாலும் விலை, வட்டி, தேய்மானம் என்று மூன்று கட்டம் போட்டுப் பார்க்கிற புத்தி. அப்படிக் கட்டம் போட்டு, மற்றவற்றின் பாதி விலையில் கிடைத்த ஒரு புது வண்டியை வாங்கினேன் (பெயர் வேண்டாம்). ஆறே மாதத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. விற்றவர்கள் கடையை மூடிவிட்டார்கள். ஊரில் இருந்த மெக்கானிக்குகள் யாரும் அதைத் தொடவில்லை, பார்ட்ஸ் கிடைக்காது என்றார்கள். "சரி, மெதுவாக ஓட்டினால் போதும்" என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பதிமூன்று வயது மகன் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் இறங்கினான். வண்டி பக்கவாட்டில் உருண்டது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது, கை உடைந்தது. பதினாறு வயதுக்குக் கீழ் ஓட்டக்கூடாது என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை நான் படித்திருந்தேன். தப்பு வண்டிமேல் பாதி, என்மேல் பாதி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் கணக்குப் பார்த்தால் என் பங்குதான் அதிகம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரவு குளத்தூருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மக்களே, வண்டி வாங்கும்போ ஆசானக் கூட்டிட்டுப் போனியா?"

ஆசானைப் பார்த்து வாங்கிய ஜீப்

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: குளத்தூர், பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் கேரளம். ஆனால் வீட்டுக்குள் தமிழ். 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடே நின்றுவிட்டது. களியக்காவிளையில் கோடு விழுந்தது. சொந்தபந்தம் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.

பெரியப்பாவுக்கு வெள்ளறடைக்கு மேலே மலைச்சரிவில் ஒரு ரப்பர் விளை இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் உரம் ஏற்றவும் ஷீட் இறக்கவும் ஒரு ஜீப் வாங்க முடிவு செய்தார். இரண்டு வண்டிகள் விலைக்கு வந்தன. ஒன்று, ராணுவம் கழித்த பெட்ரோல் ஜீப். பெயின்ட் பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு. மற்றது பழைய மஹிந்திரா டீசல் ஜீப். பார்க்கச் சகிக்காது, விலையும் கூடுதல். வீட்டில் எல்லோரும் பளபளப்புக்கு ஓட்டுப் போட்டோம். பெரியப்பா பாறசாலையிலிருந்து ஒர்க் ஷாப் ஆசானைக் கூட்டிக்கொண்டு போனார். (எங்கள் பக்கம் கைத்தொழிலில் தேர்ந்தவர் எல்லோரும் ஆசான்தான்.) ஆசான் டீசல் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, "இதுக்குள்ள சாமானம் எல்லாம் மார்த்தாண்டத்துல கிட்டும்" என்றார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

எங்களுக்குக் கோபம். பெரியப்பா சொன்னார்: "எந்த வண்டியும் ஒரு நாள் நிக்கும். நின்னா ஆராக்கும் வருவான்? அதப் பாத்து வாங்கணும்."

அந்த ஐப்பசியில் ஒரு நாள் கிளட்ச் போய் வண்டி விளையிலேயே நின்றது. ஆசான் கடைசி பஸ்ஸில் சாமானோடு வந்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிக் கொடுத்தார். மழை விட்டிருந்த மறுநாள் விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போன ஒருவரை அணலி கடித்துவிட்டது. ஜீப்பில் தூக்கிப் போட்டு நேரே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். பிழைத்துவிட்டார். அவருடைய பேரன் கல்யாணத்துக்குப் பெரியப்பா போய்வந்தார்.

பட்லரில் பிறந்த வண்டி

மகன் கை கட்டோடு உட்கார்ந்திருந்த வாரங்களில் இந்த வண்டிகளின் கதையைத் தேடிப் படித்தேன். ஜீப் பிறந்த இடம் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், பட்லர் என்ற ஊரில் இருக்கிறது!

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. நான்கு சக்கரமும் இழுக்கிற இலகுவான வண்டி வேண்டும், 49 நாளில் மாதிரி வண்டி வேண்டும். பட்லரில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற, கடனில் தத்தளித்த சின்ன கம்பெனி துணிந்தது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்து இரண்டு மூன்று நாளில் வரைபடம் போட்டு, செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டியை மேரிலாந்தில் ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். வண்டி ராணுவத்துக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பெரிய ஆர்டர் பாண்டத்துக்குப் போகவில்லை. இவ்வளவு சின்ன கம்பெனி லட்சக்கணக்கில் செய்து தருமா என்று ராணுவத்துக்குச் சந்தேகம். ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. யுத்தம் முடிவதற்குள் இருவரும் 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். பாண்டம் ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் செய்துகொண்டிருந்தது.

பாவம்தான். ஆனால் வங்கிக்காரன் கண்ணுக்கு ராணுவத்தின் கணக்கு புரிகிறது. பெரியப்பா கேட்ட கேள்வியையே அவர்களும் கேட்டிருக்கிறார்கள்: வண்டி நல்ல வண்டி, நாளைக்குச் சாமான் யார் தருவது?

யுத்தம் முடிந்ததும் வில்லிஸ் அதே வண்டியை 1945-இல் விவசாயிகளிடம் கொண்டுபோனது. சி.ஜே-2ஏ என்று பெயர். பின்கதவு, கலப்பையும் டிரெய்லரும் இழுக்கக் கொக்கி, வேண்டுமென்றால் இன்ஜினிலிருந்தே அரவை இயந்திரம் ஓட்டும் இணைப்பு. டிராக்டர், லாரி, கார் மூன்றும் ஒன்றில் என்று விளம்பரம். 1949-க்குள் 2 லட்சத்துக்கு மேல் விற்றது. முழு நேர உழவுக்கு டிராக்டருக்கு ஈடாகவில்லை என்றாலும், வீட்டு வேலைக்கும் காட்டுப் பாதைக்கும் ஒரே வண்டி என்ற எண்ணம் அங்கேதான் வேர் பிடித்தது.

மசகானிலிருந்து மலைச்சரிவுக்கு

அதே 1945-இல் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதுவும் சேர்ந்து 'மஹிந்திரா அண்ட் முகம்மது' என்ற இரும்பு வியாபாரக் கம்பெனி தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பிறகு குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சராகி, பின்னாளில் கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனி 1948-இல் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாகக் கப்பலில் வரவழைத்து, பம்பாய் மசகானில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள்.

1953-இல் வில்லிஸ் உயரமான புது இன்ஜின் ஒன்றைப் போட்டது. இன்ஜின் உள்ளே அடங்கவில்லை. ஆகவே பானெட்டை உயர்த்தினார்கள். அதுதான் சி.ஜே-3பி, நம் எல்லோருக்கும் தெரிந்த உயர்ந்த மூக்கு ஜீப். அமெரிக்காவில் அது 1968-இல் நின்றுபோனது. நம் நாட்டில் அந்த உருவம் பல பத்தாண்டு ஓடியது. இடையில் பெட்ரோல் போய், பியூஜோ உரிமத்தில் செய்த டீசல் இன்ஜின்கூட வந்தது. 2010-இல் தார் வரும்வரை அந்த வம்சம் தொடர்ந்தது.

பழைய டிசைனையே விடாமல் செய்கிறார்கள் என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் மாறாத டிசைனில் ஒரு லாபம் இருந்தது. பழைய வண்டியின் சாமான் புது வண்டிக்கும் சேரும். மட்கார்டு தட்டையான தகடு, கொல்லனே அடித்துச் சரிசெய்துவிடுவார். ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டக் கற்ற பையன் ஆயுளுக்கும் அந்தத் தொழிலில் பிழைக்கலாம். இப்படித்தான் ஊர் ஊராக ஆசான்கள் உண்டானார்கள். ஜீப் நம்பகமானது என்கிறோமே, அந்த நம்பகத்தில் பாதி பம்பாயில் செய்தது, மீதிப் பாதி பாறசாலையிலும் மார்த்தாண்டத்திலும் செய்தது.

மூன்று சக்கரம், பிறகு நான்கு

இனி என் மகனைத் தள்ளிவிட்ட வண்டியின் கதை. 1970-இல் ஹோண்டா மூன்று பலூன் டயர் வைத்த ஒரு சின்ன வண்டியை அமெரிக்காவில் விட்டது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காத கடைகளுக்கு விற்க ஏதாவது வேண்டும் என்று பிறந்த வண்டி. சேற்றிலும் மணலிலும் மிதக்கும். ஆனால் திருப்பத்திலும் சரிவிலும் கவிழும். 1980-களில் விபத்துகள் பெருகின. அடிபட்டவர்களில் பலர் சிறுவர்கள்.

1982-இல் சுசூகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. 1986-இல் ஹோண்டா நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைக் கொண்டுவந்தது. தோட்ட வேலைக்கு இது சரிப்படும் என்று விவசாயிகள் நம்பியது அதன் பிறகுதான். 1988-இல் நீதிமன்றத்தில் அரசாங்கத்தோடு கம்பெனிகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. பெரிய இன்ஜின் வண்டியைப் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கென்று விற்கக்கூடாது, வாங்குபவர்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்றெல்லாம் ஒப்புக்கொண்டார்கள். பத்து வருடத்தில் அந்த உடன்பாடு முடிந்தது. அதன்பின் வெளிநாட்டிலிருந்து மலிவு வண்டிகள் குவிந்தன. 2008-இல் வந்த சட்டம் இறக்குமதி செய்பவர்களையும் சேர்த்து எல்லோருக்கும் பாதுகாப்பு விதியைக் கட்டாயமாக்கியது, புது மூன்று சக்கர வண்டியையும் தடை செய்தது.

நான் படிக்காமல் விட்ட அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் இவ்வளவு கதை. (படித்தேன் என்று மேலே சொன்னேன். படித்தும் விட்டதற்குப் பெயர் வேறு.)

வாங்கப் போகிறவர்களுக்கு

இரண்டாவது முறை பக்கத்து வீட்டுப் பெரியவரையும் அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களிடம் கற்றது இது.

முதலில் வேலையை எழுதுங்கள். இழுப்பதும் சுமப்பதும்தான் வேலையென்றால் வேகம் வேண்டாம். தாழ்ந்த கியர் வசதியும், எத்தனை எடை இழுக்கும் என்ற கணக்கும் முக்கியம். இரண்டு பேர் போகவேண்டும் என்றால், ஒருவர் ஓட்டும் ஏ.டி.வி.யில் பின்னால் தொற்றிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து போகும், பெல்ட்டும் மேலே கம்பிக்கூண்டும் உள்ள வண்டி தனியாக இருக்கிறது.

பழைய வண்டி தப்பில்லை. ஆனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், உள்ளே மண் இருந்தால் இன்ஜினுக்குள்ளும் மண்தான். முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள், ஆடினால் பேரிங் போயிருக்கிறது. ஆக்சிலில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா பாருங்கள். பெல்ட்டில் ஓடும் வண்டியென்றால் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள்.

தார் ரோட்டில் ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுற்றும். மண்ணில் டயர் வழுக்கித் திரும்பிவிடும், தாரில் வழுக்காமல் வண்டியைப் புரட்டப் பார்க்கும்.

கடைசியாக, அந்த வண்டிக்குப் பார்ட்ஸ் விற்கும் கடையும் கைவைக்கும் மெக்கானிக்கும் எத்தனை மைலில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். என் மூன்று கட்டத்தோடு இப்போது நான்காவதாக இதையும் சேர்த்துவிட்டேன்.

இப்போது வைத்திருப்பது பத்து வருடப் பழைய வண்டி. பார்க்கச் சுமார்தான். மெக்கானிக் பன்னிரண்டு மைலில் இருக்கிறார். மலிவு வண்டியை யாருக்கும் விற்க மனம் வரவில்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். மகனுக்குக் கை கூடிவிட்டது. அவன் வயதுக்கான சின்ன வண்டியில் பயிற்சி வகுப்புக்குப் போகிறான். பெரிய வண்டியின் சாவி அவனுக்குப் பதினாறு ஆகும்வரை என் அலமாரியில்தான்.

புது வண்டியின் படத்தைப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஆசான் ஆளு எப்படி?" என்று கேட்டார்.

பி.கு.: பெரியப்பாவின் ஜீப் இப்போது ஓடுவதில்லை, குளத்தூர் வீட்டில் தென்னைக்குக் கீழே நிற்கிறது. ஆசானும் இல்லை. அவர் மகன் அதே ஒர்க் ஷாப்பை நடத்துகிறார். அடுத்த லீவில் போகும்போது அவரைக் கூட்டிவந்து அதை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவேண்டும் என்று மகன் சொல்லியிருக்கிறான்.